காலி அலைவரிசை

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கிரேன் நின்றபோது, கண்டெய்னர் ஒன்று தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற ஆறு தொழிலாளர்களும் சிதறி ஓடினார்கள். ஒருவருடைய தலைக்கவசம் கழன்று உருண்டது. கிரேனுக்குள் ஓட்டுநர் இல்லை. தூத்துக்குடியில் கடலை ஒட்டி எழும்பியிருந்த அந்தப் புதிய சரக்கு முனையத்தில் எந்தக் கிரேனுக்கும் ஓட்டுநர் கிடையாது. டவரிலிருந்து வரும் சிக்னலைக் கேட்டுத்தான் எல்லாம் நகர்ந்தன. சிக்னல் கலங்கினால் கிரேன் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும்.

சுகிர்தா மணியைப் பார்த்தாள். வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. திங்களன்றும் நேற்றும்கூட ஏறத்தாழ இதே நேரம்தான்.

அவள் அலைவரிசைக் கண்காணிப்பு வாரியத்தின் ஆய்வாளர். யாருடைய அலையில் யார் குறுக்கிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பதினான்கு வருடமாக அவள் வேலை. பக்கத்தில் நின்ற யுகேந்திரன் அந்த டவரை நிறுவிய நெடுவான் நிறுவனத்தின் பொறியாளன். சென்னைக்காரன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தொங்கும் கண்டெய்னரைப் பார்த்து அவனுக்கும் வியர்த்துக் கொட்டியது.

"மேடம், இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. நாங்க புகார் குடுத்து எழுபத்திரண்டு மணி நேரத்துல நீங்க ஆளைக் கண்டுபிடிக்கலைன்னா, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு டவர் தானாவே பவரை ஏத்திக்கும். குறுக்க பேசுறது யாரா இருந்தாலும், அவங்களை விட நாங்க சத்தமாப் பேசுவோம். அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு."

"அதுக்கு அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? அவனோட கருவி வேலை செய்யாது. யாராவது பழைய கேமரா, பொம்மை ஹெலிகாப்டர், அந்த மாதிரி ஏதாவது வெச்சிருப்பாங்க மேடம்."

முப்பது விநாடியில் கிரேன் மறுபடி அசைந்தது. கண்டெய்னர் மெல்ல இறங்கியது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், ஆனால் யாரும் அதன் அடியில் போய் நிற்கவில்லை.

அந்த அலைவரிசையைச் சுகிர்தாவின் அலுவலகத்தில் 'புறம்போக்கு' என்பார்கள். ஊர்ப் பொதுநிலம் மாதிரி யாருக்கும் சொந்தமில்லாமல், யார் வேண்டுமானாலும் புழங்கிக்கொள்ளலாம் என்று நாற்பது வருடம் விடப்பட்டிருந்த அலை. கேட்டைத் திறக்கும் ரிமோட், குழந்தை அழுவதைச் சொல்லும் கருவி என்று சின்னச் சின்னப் பொருள்கள் எல்லாம் அதில்தான் பேசின. பிறகு ஓட்டுநரில்லா வண்டிகளும் கிரேன்களும் வந்தன. அலைக்குத் தட்டுப்பாடு வந்தது. புறம்போக்கையும் ஏலம் விட்டார்கள். நெடுவான் அதைக் கேட்ட விலையைப் படித்துவிட்டு நிதியமைச்சகமே வாயடைத்துப் போனதாகப் பேச்சு. அவ்வளவு கொடுத்தவர்கள் அதில் ஒரு இம்மி இடத்தைக்கூட அடுத்தவருக்கு விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

டவர்கள் ஏறுவதற்கு முன், தூத்துக்குடி முழுவதும் ஜீப்பில் சுற்றி அலையை அளந்தவள் சுகிர்தா. எட்டு நாள், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. ஒன்றிரண்டு ரிமோட்டுகளைத் தவிர எதுவும் கேட்கவில்லை. 'இவ்வலைவரிசை இவ்வட்டாரத்தில் காலியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள்தான். இப்போது அந்தக் காலியிடத்திலிருந்து யாரோ பேசுகிறார்கள்.

அன்று மூன்று மணிக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு முனையத்தின் மதிலை ஒட்டி நடந்தபோது, காதில் மாட்டிய ஹெட்போனில் மெல்லிய 'டிக்' ஒன்று விழுந்தது. நாலு விநாடி கழித்து இன்னொன்று. ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால், கவனித்தால் மட்டும் கேட்கும் இன்னொரு சின்ன டிக். கேள்வியும் பதிலும் மாதிரி. மதிலுக்கு அந்தப் பக்கம், டவருக்கு நேர் எதிரே, நீலக் கதவு போட்ட ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தது அது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. சுகிர்தா அடையாள அட்டையைக் காட்டியதும் அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க மேடம். அவுக தூங்குதாவ."

அவள் பெயர் செலின். உள்ளே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் அவள் கணவர் லூர்து மிக்கேல். அதே சரக்கு முனையத்தில் இரவுக் காவலாளி. தலைமாட்டில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு நாலு விநாடிக்கு ஒருமுறை மின்னியது. அது மின்னும்போதெல்லாம் அவருடைய மார்பு ஏறி இறங்கியது.

சுகிர்தா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இது என்ன பெட்டிம்மா?"

"ஏழு வருசம் முன்ன அந்த மூளைக்காய்ச்சல் வந்துச்சில்லா, அதுல பொழச்சவுக மேடம். முழிச்சிருக்கையில ஒண்ணும் இல்ல. தூங்குனா மூச்சு விடணும்ங்கிறதே மூளைக்கு மறந்து போவுது. நெஞ்சுக்குள்ள சின்னதா ஒரு மிஷின் வெச்சிருக்காவ. தூங்கப் போகையில மட்டும் இந்தப் பெட்டியப் போட்டு விடுவோம், இது அதுகிட்ட 'இழு'ன்னு சொல்லும். இழுத்ததும் அது 'இழுத்துட்டேன்'னு பதில் சொல்லும். பதில் வந்தா பச்ச. வரலன்னா செவப்பு எரிஞ்சி, தெருவே முழிக்கிற மாதிரி கத்தும்."

"இப்ப அப்படிக் கத்துதா?"

செலின் சிரிக்க முயன்றாள். "ஒம்பது நாளாக் கத்துது. முன்னெல்லாம் வருசத்துக்கு ஒருக்கக்கூட கெடயாது. இப்ப ஒரு தூக்கத்துல ஏழு தடவ, எட்டுத் தடவ. நா ஒலுக்கி எழுப்பி விட்டுருவேன். மூச்சு வந்துரும். அதான் பக்கத்துலயே இருக்கேன். ராத்திரியும் காதுல அந்தச் சத்தந்தான். நா தூங்கி ஒம்பது நாளாச்சி மேடம்."

"பழைய கருவிகளை மாத்தச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்குமே? பேப்பர்ல, டிவில..."

"பாத்தோம். பொம்மக் காரு, கேட்டு ரிமோட்டுன்னு போட்டிருந்தாவ. இதுக்கும் அதுக்கும் என்ன இருக்குன்னு நெனச்சோம்."

போன வருடம், தான் அளக்க வந்தபோது மிக்கேலுக்குப் பகல் ஷிப்ட் என்பதைச் செலினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் சுகிர்தா. அவர் இரவில் தூங்கியிருக்கிறார். அவள் பகலில் அளந்திருக்கிறாள். டிக் சத்தம் அப்போதும் இந்தத் தெருவில் இருந்திருக்கிறது, அவள் ஓட்டலறைக்குத் திரும்பிய பிறகு.

ஜீப்பில் உட்கார்ந்து சென்னையிலிருந்த மேலதிகாரி பத்மநாபனை அழைத்தாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டியைப் பறிமுதல் பண்ணி அனுப்புங்க. பதினெட்டு மாசம் அவகாசம் குடுத்தோமே."

"பதினெட்டு மாசத்துல நெஞ்சைக் கிழிச்சு வேற மிஷின் வெச்சுக்கணுமா சார்? இதைச் செஞ்ச கம்பெனியை இழுத்து மூடியே நாலு வருஷமாச்சாம்."

"அது சுகாதாரத் துறை பாத்துக்க வேண்டிய விஷயம். கிரேன் அடியில நிக்கிறவனும் மனுஷன்தான் சுகிர்தா. நாளைக்கு ஒரு கண்டெய்னர் விழுந்து நாலு பேர் செத்தா என்ன சொல்வீங்க?"

அவர் சொன்னதும் பொய்யில்லையே.

"இன்னொண்ணு. அந்த வட்டாரம் காலின்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப ஆள் இருக்குன்னு எழுதினா, முதல்ல உருளப்போறது உங்க தலைதான். யோசிச்சு எழுதுங்க."

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் தன் மூச்சையே எண்ணத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு யுகேந்திரனை முனையத்தின் கேன்டீனில் பிடித்தாள். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். பெட்டி நாலு விநாடிக்கு ஒருமுறைதான் பேசுகிறது. கேள்வியும் பதிலும் சேர்ந்து கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆவதில்லை. அந்தத் துளி நேரம் மட்டும் டவர் வாயை மூடிக்கொண்டால் போதும். கிரேனும் அந்த நேரம் டவரைக் கேட்காமல் இருந்தால் அதுவும் நிற்காது.

"பண்ணலாம் மேடம். பத்து நிமிஷ வேலை. ஆனா எனக்கு அனுமதி கிடைக்காது."

"ஏன்?"

"இன்னிக்கு ஒருத்தருக்காக ஒரு ஓட்டை விட்டா நாளைக்கு நூறு பேர் கேப்பாங்க. இந்த அலையை எங்க கம்பெனி என்ன விலைக்கு வாங்கியிருக்குன்னு உங்களுக்கே தெரியும். காசு குடுத்து வாங்கின வீட்டுல ஒரு ரூமை அடுத்தவங்களுக்கு விட்டுக்குடுன்னு சொல்றீங்க."

"அவங்க அந்த வீட்டுல ஏழு வருஷமா இருக்காங்க தம்பி. ஆள் குடியிருக்கும்போதே வீட்டை வித்துட்டோம். காலின்னு சொன்னது நான்."

அவன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவள் எழுந்தாள்.

"ரெண்டு மணிக்கு அவர் தூங்குவார். ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறமும் முடியாதுன்னா நான் பறிமுதல் பண்ணிட்டுப் போறேன். நீங்களே கூட இருந்து அதை அணைங்க."

அவன் வந்தான். இரண்டேகாலுக்குச் செலினின் வீட்டில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றான். பச்சை மின்னியது, மார்பு ஏறியது. பச்சை மின்னியது, மார்பு ஏறியது. பிறகு மின்னவில்லை. சிவப்பு. பெட்டி வீறிட்டது. மிக்கேலின் உதடுகளைச் சுற்றி நிறம் மாறுவதை யுகேந்திரன் பார்த்துவிட்டான். செலின் பதறவில்லை. பழகிய கையோடு கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் இழுத்து ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறக்காமலே மறுபடி தூங்கிப்போனார்.

யுகேந்திரன் வெளியே போனான். தெருவில் பைக் ஒன்றின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எதையோ தட்டினான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான்.

"சோதனைன்னு பேர் போட்டு விட்டிருக்கேன் மேடம். சோதனைக்கு யாரோட அனுமதியும் வேணாம். ரெண்டு மாசம் வரைக்கும் ஓடும்."

மூவரும் காத்திருந்தார்கள். இரண்டரை ஆனது, மூன்று ஆனது. பெட்டி ஒருமுறைகூடக் கத்தவில்லை. முனையத்திலிருந்து யுகேந்திரனுக்கு வந்த செய்தியில் கிரேன்கள் எதுவும் நிற்கவில்லை என்றிருந்தது. புகாரை அவன் திரும்பப் பெற்றான். ஆறு மணிக்குப் பவர் ஏறுவது ரத்தானது. செலின் சுவரோரமாக உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

மிக்கேல் நாலரைக்கு எழுந்தார். நடந்ததைக் கேட்டு, இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்தான் கேட்டார்.

"அப்பம் மத்தவியளுக்கும் இப்படித்தான் சார் இருக்கும்?"

"மத்தவங்களா?"

"எங்க ஆறு பேருக்கும் ஒரே சமயத்துலதான வெச்சாவ. மூணு பேரு மதுரப் பக்கம் போயிட்டாவ. தூத்துக்குடில நா, முத்தையாபுரத்துல கற்குவேல் அண்ணாச்சி, அப்புறம் ஸ்பிக் நகர்ல ஒரு டீச்சரு. எல்லாம் ராத்திரி தூங்குதவுக."

மதுரையில் நெடுவானின் டவர்கள் இன்னும் வரவில்லை. ஸ்பிக் நகர் டவர் அடுத்த மாதம்தான் திறக்கிறது. யுகேந்திரன் இதையெல்லாம் மடிக்கணினியில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"முத்தையாபுரம்?" என்றாள் சுகிர்தா.

"அங்க போன மாசமே பவரை ஏத்திடுச்சு மேடம். ஏதோ சின்ன இரைச்சல் இருந்திருக்கு. புகார் குடுக்கிற அளவுக்குக்கூட இல்ல. தானாவே ஏத்திக்கிச்சு." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணாவது நாளே இரைச்சல் பாதியாக் குறைஞ்சிடுச்சுன்னு இருக்கு. இது... நல்லதா, கெட்டதா மேடம்?"

சுகிர்தா ஜீப்பை எடுத்தாள். முத்தையாபுரம் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் அவள் தனக்குத்தானே ஏதேதோ சொல்லிக்கொண்டாள். கற்குவேல் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். பழைய பெட்டியை மாற்றியிருக்கலாம். மகன் வீட்டில் இருக்கலாம்.

கற்குவேலின் வீட்டு வாசலில், நரைத்த தலையைக் கோடாலிமுடிச்சாகப் போட்டிருந்த ஒரு பெண் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சுகிர்தாவுக்கு அதன் பிறகு கேட்க எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"அவுக போய் இன்னிக்கு இருவத்தாறு நாளாச்சும்மா. நீங்க யாரு, ஆஸ்பத்திரில இருந்தா?"

சித்திரைக்கனி என்று பெயர் சொன்னாள். உள்ளே கூட்டிப்போனாள். ஹாலில் மாலை போட்ட படம். அதன் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், அதே வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு நாலு விநாடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டிருந்தது.

சுகிர்தா அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் அந்த மிஷினோடு யாரும் இல்லை. பதில் சொல்ல எந்த நெஞ்சும் இல்லை. ஆனால் பெட்டிக்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது. மூச்சு சரி, மூச்சு சரி என்று அது சொல்லிக்கொண்டேயிருக்கிறது.

"அணைக்க மனசு வரலம்மா. பச்ச எரியறதப் பாத்தா அவுக தூங்குதாவன்னு தோணும். அதான் சார்ஜு போட்டு வெச்சிருக்கேன்." சித்திரைக்கனி தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நா அசந்துட்டேன். கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த அலுப்பு. பெட்டி கத்தியிருக்கும், என் காதுல விழல. காலைல தொட்டா சில்லுன்னு இருக்காவ. எம்மவன் அன்னியிலருந்து எங்கிட்டப் பேசுததில்ல. 'பக்கத்துலதானம்மா படுத்திருந்த, எப்படிக் கேக்காமப் போச்சு'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டான். நா என்ன சொல்ல?"

சுகிர்தா யுகேந்திரனை அழைத்தாள்.

"தம்பி, முத்தையாபுரம் டவரைப் பத்து விநாடி நிறுத்துங்க. இப்பவே. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. போனில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பச்சை ஒருமுறை மின்னியது. அடுத்த முறை மின்னவில்லை. சிவப்பு எரிந்தது. பெட்டி வீறிட்டு அலறியது. பக்கத்து வீட்டில் குழந்தை திடுக்கிட்டு அழுதது. சித்திரைக்கனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பத்து விநாடிக்குப் பின் டவர் திரும்பி வந்ததும், சத்தம் வெட்டினாற்போல் நின்று, பச்சை அமைதியாக மின்னத் தொடங்கியது.

சித்திரைக்கனி கைகளை மெல்ல இறக்கினாள்.

"இந்தச் சத்தம் அன்னிக்கு வரல. இது வந்திருந்தா செத்த பொணம்கூட எந்திரிச்சிருக்கும். இது வரவே இல்லம்மா."

"வந்திருக்காது. நீங்க தூங்கினதால கேக்காமப் போகல." சுகிர்தா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பக்கத்துல ஒரு டவர் வந்திருக்கு பாருங்க, அது போன மாசம் ஏத்தின சத்தத்துல, பெட்டி சொன்னது அவர் நெஞ்சுல இருக்கிற மிஷினுக்குக் கேக்கல. டவர் சத்தத்தையே பெட்டி பதில்னு எடுத்துக்கிச்சு. அவர் மூச்சு நின்ன பிறகும் சரியா இருக்குன்னே காட்டியிருக்கு. இப்பவும் அதைத்தான் காட்டுது. நீங்க ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருந்தாலும் பச்சையைத்தான் பாத்திருப்பீங்க."

சித்திரைக்கனி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பம் இது அவுக இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா."

"இந்த டவர இங்க வெக்கலாம்னு யாரு சொன்னா?"

வாரியத்தின் பெயரைச் சொல்லலாம், நிறுவனத்தின் பெயரைச் சொல்லலாம், ஏலத்தைச் சொல்லலாம். எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும்.

"இந்த ஊர்ல அந்த அலையை யாரும் புழங்கலைன்னு எழுதிக் குடுத்தது நான்தான்மா. பகல்ல மட்டும் வந்து பாத்தேன். ராத்திரி பாக்கல."

சித்திரைக்கனி அவளை ஏசவில்லை. எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் எதையோ எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. சுகிர்தா போய்விடலாமா என்று நினைத்தாள், ஆனால் அசையவில்லை. சித்திரைக்கனி திரும்பி வந்தபோது அவள் கையில் பழைய செல்போன் இருந்தது. எண்ணைப் போட்டு, காதில் வைக்காமல், சுகிர்தாவிடம் நீட்டினாள்.

"எம்மவன்கிட்ட நீங்க சொல்லுங்க. நா சொன்னா நம்ப மாட்டான்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று தோன்றிய நேரத்தில் மறுமுனையில் ஓர் ஆண்குரல், எரிச்சலும் தயக்கமுமாக, "என்னம்மா?" என்றது.

சுகிர்தா தன் பெயரையும் வேலையையும் சொல்லிப் பேச்சைத் தொடங்கினாள்.